வெயில் கொட்டுகிறது, தக்காளி ஏன் காய்க்கவில்லை?

கேள்வி: மாடியில் ஆறு பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து பூக்கிறது, ஆனால் பூவெல்லாம் காம்போடு உதிர்கிறது. இவ்வளவு வெயில் இருந்தால் ஒளிச்சேர்க்கை அமோகமாக நடக்க வேண்டாமா? மதியம் இலை துவளும்போது தண்ணீர் ஊற்றலாமா?
- வாசகி, மதுரை

பதில்: வெளிச்சம் வேறு, சூடு வேறு. பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்துத் தண்ணீரைப் பிளக்கிறது, பிராணவாயு வெளியேறுகிறது. அதில் கிடைத்த ஆற்றலால் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குவது அடுத்த வேலை. சூடு முதலில் கெடுப்பது இதைத்தான். கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ என்ற நொதி, 30 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பிராணவாயுவையும் அதிகமாகப் பிடித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, தண்ணீரைக் காப்பாற்ற இலைத்துளைகளும் மூடிக்கொள்கின்றன. இரவிலும் புழுக்கம் தணியாவிட்டால், பகலில் சேர்த்த சர்க்கரையில் நிறையச் செடி சுவாசித்தே செலவழித்துவிடும்.

பூ உதிர முக்கியக் காரணம் மகரந்தம். பகலில் 35 டிகிரிக்கு மேல் போய், இரவிலும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் மலடாகிவிடும். காய் பிடிக்காத பூவைச் செடி கழித்துவிடுகிறது. இதற்கு உரக்கடை டானிக் வாங்குவது வீண் செலவு. யூரியா போட்டால் இலைதான் கொழுக்கும்.

துவண்ட இலையைப் பார்த்ததும் குடத்தைத் தூக்காதீர்கள். பைக்குள் இரண்டு அங்குலம் விரலை விடுங்கள். ஈரம் இருந்தால், அது வேர் அனுப்புவதைவிட வேகமாக இலை தண்ணீரை இழப்பதால் வந்த துவளல், மாலையில் நிமிர்ந்துவிடும். ஈரம் இருக்கும்போதே ஊற்றினால் வேருக்குக் காற்றில்லாமல் அழுகும். காலை 7 மணிக்குள் ஊற்றுவதே நல்லது.

கறுப்புப் பை என்றால் வெளியே சாக்கைச் சுற்றுங்கள். தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். மண்மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு. 35 சதவீத வெளிச்சத்தை மறைக்கும் நிழல்வலையைச் செடிக்கு இரண்டடி மேலே கட்டி, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். 75 சதவீத வலை வேண்டாம், வெளிச்சமே போய்விடும்.

கேள்வி: பக்கத்துப் பையில் தண்டுக்கீரை மட்டும் தளதளவென்று இருக்கிறதே?

பதில்: அதன் இலை கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, உள்ளறையில் செறிவாக்கி, அதன் பிறகே ரூபிஸ்கோவிடம் கொடுக்கிறது. அதனால் ரூபிஸ்கோ தடுமாறுவதில்லை. கரும்பு, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் இதே வகை. கோடையில் பைகளைக் கீரைக்குக் கொடுங்கள். தக்காளியை ஆடியில் விதைத்து, 25 நாள் நாற்றாகப் பிடுங்கி நடலாம்.