சாவி கண்ணெதிரேதான் கிடந்தது, ஏன் தெரியவில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. கொஞ்ச நாளாகவே சாவியை வைத்த இடம் மறந்துபோகிறது. அதைவிடக் குழப்பம் என்னவென்றால், மேசைமேல் கண்ணெதிரே கிடக்கும் சாவியைப் பத்து நிமிடம் தேடுகிறேன், வேறொருவர் வந்து எடுத்துக் கொடுக்கிறார். கண் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. நியூரான்கள் (மூளையின் நரம்பு செல்கள்) தினமும் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டே இருக்கும் என்று எங்கோ படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. என் மூளை தேய்கிறதா? நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த லட்சக் கணக்கை மறந்துவிடுங்கள், அதை மட்டும் மறந்தால் தப்பில்லை. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. நோய் எதுவும் இல்லாமல் வயது ஏறும்போது இந்த எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகளும் செய்தி ஓடும் வேகமும்தான் மெல்ல மாறுகின்றன. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் சாவிப் பிரச்சினைக்கு அதுகூடக் காரணமாகத் தெரியவில்லை. கவனம்தான் காரணம் என்பேன். அது எப்படி என்று சொல்கிறேன்.

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திப் பிடியுங்கள். ஒரு நேரத்தில் உங்கள் கண் துல்லியமாகப் பார்க்கும் பரப்பு கிட்டத்தட்ட அந்த நகத்தின் அகலம்தான். நம்பிக்கை இல்லையென்றால் பார்வையை நகத்தைவிட்டு எடுக்காமல், ஒரு சாண் தள்ளி இருக்கும் எழுத்தைப் படித்துப் பாருங்கள், முடியாது. அப்படியிருந்தும் அறை முழுவதும் தெளிவாகத் தெரிவதுபோல் இருக்கிறதே என்றால், கண் நொடிக்கு மூன்று முறை அளவுக்கு இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது, மீதியை மூளை ஊகித்து நிரப்புகிறது. ஒரு தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிகள் வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடப்பக்கப் புள்ளியை மட்டும் பார்த்தபடி தாளை மெதுவாகக் கிட்டே கொண்டுவந்தால், சுமார் 30 செ.மீ. தூரத்தில் வலப்பக்கப் புள்ளி காணாமல் போய்விடும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் செல்களே இல்லை. ஆனால் அங்கே உங்களுக்கு ஓட்டை எதுவும் தெரியாது, வெறும் வெள்ளைத் தாள்தான் தெரியும். மூளை அவ்வளவு சுத்தமாக ஒட்டுப்போட்டுவிடுகிறது!

இன்னொன்றும் இருக்கிறது. விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் 12 கோடிக்கு மேல், மூளைக்குப் போகும் நரம்பிழைகளோ ஒரு கண்ணுக்குச் சுமார் 10 லட்சம்தான். ஆக கிளம்பும்போதே செய்தி சுருக்கப்பட்டுவிடுகிறது. அது பிடரிப்பக்கம் உள்ள பார்வைப் பகுதிக்குப் போனதும் துண்டு துண்டாகப் பிரிக்கப்படுகிறது. இதை டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1950களின் கடைசியில் ஒரு பூனையின் நியூரானைப் பேசவைக்கப் புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொண்டே இருந்தார்கள், அது கண்டுகொள்ளவே இல்லை. புள்ளி இருந்த கண்ணாடித் தகட்டை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் நகர்ந்ததுதான் தாமதம், நியூரான் சடசடவென்று துடித்தது. அதற்கு வேண்டியிருந்தது புள்ளி இல்லை, குறிப்பிட்ட கோணத்தில் சாய்ந்த ஒரு கோடு. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சாவிக்கு வருவோம். 'சாவி' என்று முழுசாக ஒரு பொருள் கண் வழியாக உள்ளே நுழைவதில்லை. விளிம்பு, நிறம், வடிவம், அசைவு என்று பிரிந்துபோனதையெல்லாம் சேர்த்துக் கட்டிக்கொள்வது மூளை, அதற்குக் கவனம் வேண்டும். நீங்கள் தேடும்போது மனதில் ஒரு சாவிப் படம் வைத்துக்கொண்டு தேடுகிறீர்கள், அந்தப் படத்துக்குப் பொருந்துவதை நோக்கித்தான் நியூரான்கள் தங்கள் துடிப்பைக் கூட்டுகின்றன. மனதில் இருப்பது வளையத்தில் தொங்கும் சாவிக்கொத்து, மேசையில் கிடப்பது காகிதத்துக்கு அடியில் பாதி மறைந்து நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் துண்டு. உங்கள் கண் அதன்மேல் நாலு தடவை பட்டிருக்கும், ஆனால் உங்களுக்குச் சேதி வரவில்லை. எடுத்துக் கொடுத்தவர் மனதில் அந்தப் படம் இல்லை, அவ்வளவுதான். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்து போனதைக் கவனிக்கவே இல்லை என்று 1999இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அவர்கள் எல்லாருக்கும் கண் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம், வைத்த இடம் மறப்பது. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே வருகிறீர்கள், கை பழக்கத்தில் சாவியை எங்கோ வைக்கிறது. பழக்கத்தை நடத்துவது மூளையில் ஒரு வட்டாரம், 'இன்று, இங்கே, இது நடந்தது' என்று பதிவது வேறு வட்டாரம். இந்தப் பிரிவினை தெரியவந்தது ஹென்றி மொலைசன் என்பவரால். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருடைய ஹிப்போகாம்பஸின் (புது நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதி) பெரும்பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக எது நடந்தாலும் சில நிமிடங்களில் போய்விடும். ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியைக் கொடுத்தபோது நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார், முன்பு வரைந்த ஞாபகமே இல்லாமல்! கை கற்றுக்கொண்டது, அவருக்குத்தான் தெரியவில்லை. உங்களுக்கு ஹிப்போகாம்பஸ் இருக்கிறது, அந்த நொடியில் அதற்கு வேலை கொடுக்கவில்லை. நியூரான்கள் சேர்ந்து வலுவாகத் துடித்தால்தான் அவற்றுக்கு இடையிலான இணைப்பு, அதாவது சினாப்ஸ், பலப்படும் (1973இல் பிளிஸ், லோமோ இருவரும் முயலின் மூளையில் இதைக் காட்டினார்கள்). துடிப்பே இல்லாத இடத்தில் எதைப் பலப்படுத்துவது? நீங்கள் மறக்கவில்லை, பதியவே இல்லை.

கண் பட்டும் சாவி தெரியாமல் போனதில் பிரக்ஞையும் (பார்க்கிறோம் என்று நாமே உணர்வது) வருகிறது, பார்ப்பதும் பார்க்கிறோம் என்று அறிவதும் வேறு வேறு. 1970களில் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் என்ற உளவியலாளர் சோதித்த ஒரு நோயாளிக்கு, வலப்பக்கப் பார்வைப் பகுதியை எடுத்ததால் இடப்பக்கக் காட்சி எதுவும் தெரியாது. அங்கே ஒளியைக் காட்டி, சும்மா ஊகித்துக் கையைக் காட்டுங்கள் என்றபோது பெரும்பாலும் சரியாகக் காட்டினார், எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே. பிரக்ஞை எதனால் வருகிறது என்பதற்கு நியூரான் எண்ணிக்கையிலும் விடை இல்லை. மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு சிறுமூளையில் இருக்கிறது, ஆனால் சிறுமூளை மோசமாகப் பழுதானவர்களுக்குக்கூட நடை தள்ளாடும், பேச்சு குழறும், பிரக்ஞை அப்படியே இருக்கும். கிறிஸ்டோஃப் காக் என்ற விஞ்ஞானி, 25 ஆண்டுகளில் பிரக்ஞையின் நியூரான் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று 1998இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோற்றதை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. சாவியை வைக்கும்போது ஒரு நொடி நின்று அதைப் பார்த்து, 'சாவி ஜன்னலோரம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் கண், காது, வாய் மூன்றும் ஒரே நேரத்தில் ஹிப்போகாம்பஸைத் தட்டுகின்றன. இதைவிடச் சுலபம் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி, பழக்கத்தின் வேலையைப் பழக்கத்திடமே விட்டுவிடலாம். தொலைந்தால் வாசலுக்குத் திரும்பிப் போய் மறுபடி உள்ளே நடந்து வாருங்கள். ஹிப்போகாம்பஸில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே துடிக்கும் செல்கள் உண்டு, 1971இல் ஜான் ஓகீஃப் எலிகளில் கண்டது இது. இடம் திரும்பினால் நினைவும் பல சமயம் கூடவே திரும்பும். தேடும்போது சும்மா கண்ணை ஓட்டாமல், மேசையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பொருள்களை நகர்த்தித் தேடுங்கள். தூக்கத்தைக் குறைக்காதீர்கள், பகலில் பதிந்ததைத் தூக்கத்தில்தான் மூளை ஓட்டிப்பார்த்து உறுதியாக்குகிறது.

வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், இவையும் ஞாபகத்தைக் கெடுக்கும், எல்லாமே சரிசெய்யக்கூடியவை. அதனால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பழகிய பாதையிலேயே வழி தவறுவது, கேட்டதையே அரைமணியில் மறுபடி கேட்பது, சாவி கையில் இருந்தும் அது எதற்கென்று குழம்புவது, இப்படி ஏதாவது இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று பார்வையில் ஒரு பாதி போனாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். மருத்துவரிடம் ஞாபக மறதிக்காகப் போவதென்றால் தனியாகப் போகாதீர்கள், கூட இருப்பவர் ஒருவரை அழைத்துப் போங்கள். எதையெல்லாம் மறந்தோம் என்பது மறந்தவருக்குத் தெரியாது.