ஐந்து தட்டுகள்

அன்புள்ள சார்,

என் கணவரின் ஜப்பானிய மேலதிகாரி ஊர் திரும்பும்போது ஒரு பெட்டியில் சின்னப் பீங்கான் தட்டுகள் கொடுத்துவிட்டுப் போனார். எண்ணினால் ஐந்துதான். ஆறாவது எங்கே என்று உள்ளே சுற்றியிருந்த காகிதத்தையெல்லாம் உதறிப் பார்த்துவிட்டேன். அவரிடம் கேட்கவும் கூச்சம். நாலு அவர்களுக்கு ஆகாது, அதனால்தான் ஐந்து என்கிறார் கணவர். சரிதானா?

– ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

எதுவும் தொலையவில்லை. நம் கடைகளில் டம்ளர் ஆறு ஆறாக வருவதுபோல அங்கே தட்டும் கிண்ணமும் ஐந்தைந்தாக வருவதுதான் பழைய வழக்கம்.

கணவர் சொன்னது பாதி சரி. நான்குக்கு ‘ஷி’ என்று ஒரு பெயர். சாவுக்கும் அதே ஒலி. ஒன்பதுக்கு ‘கு’, துன்பமும் ‘கு’தான். சீப்புக்கு ‘குஷி’ என்று பெயர் அமைந்துவிட்டதால் பாவம், அதைப் பரிசாகக் கொடுக்கவே யோசிப்பார்கள். ஆனால் நாலைத் தவிர்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் ஆறு வைத்திருக்கலாமே? சீனாவிலிருந்து வந்த, எல்லாவற்றையும் இரண்டு எதிரெதிர் சக்திகளாகப் பிரித்துப் பார்க்கும் யின்-யாங் கணக்கில் ஒற்றைப்படைதான் மங்கலம். பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துப்போவது 3, 5, 7 வயதில். கல்யாண மொய் 30,000 யென் என்றால் மூன்று தாள், சரிபாதியாகப் பிரியாது. மொய்க்கவரில் ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒன்பதின் பாடுதான் வேடிக்கை. ஒலிப்படி ஆகாது, ஒற்றைப்படைக் கணக்கிலோ அதுதான் உச்சம். ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோ முறைத் திருமணத்தில் மணமக்கள் மூன்று கிண்ணங்களில் மும்மூன்று மிடறாகச் சாகே என்ற அரிசி மதுவை அருந்தும் சடங்குக்குப் பெயரே ‘ஸான்ஸான்குடோ’, மூன்று மூன்றாக ஒன்பது. அந்த ‘கு’ அங்கே யாரையும் உறுத்துவதில்லை.

எனக்குப் பிடித்தது ‘ஜூபாகோ’. புத்தாண்டுப் பலகாரங்களை வைக்கும் அரக்குப் பூசிய மர அடுக்கு. நம் டிபன் கேரியரைச் சதுரமாக்கினால் கிட்டத்தட்ட அதுதான். அடுக்குகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணாலேயே பெயர். நான்காவதற்கு மட்டும் எண்ணை எழுதாமல், ‘கொடுத்தல்’ என்று பொருள்படும் ‘யோ’ என்ற எழுத்தைப் போட்டுவிடுவார்கள். அடுக்கு இருக்கும், அதற்குள் பலகாரமும் இருக்கும், அந்த எழுத்து மட்டும் வராது.

அப்புறம், அவருக்குப் பதிலுக்கு ஏதாவது அனுப்புவதாக இருந்தால் சந்தனமரச் சீப்பு மட்டும் வேண்டாம்.