அவள் கையில் குமிழைக் கொடுங்கள்

கேள்வி: பல வருடங்களாக மாதிரி ரயில் சேர்க்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயது. ரயில் பலகை பக்கம் வந்தாலே ஓடும் இன்ஜினைக் கையில் தூக்கிவிடுகிறாள். பெட்டிகள் கவிழ்கின்றன, கொக்கிகள் ஒடிகின்றன. கொஞ்சம் வளரும்வரை அவளைத் தள்ளி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றைக்கு ரயில்மேல் இருக்கும் பித்து, நீங்கள் கூப்பிடும் நாள்வரை காத்திருக்காது. கைப்பிடிக் கம்பி, ஏணி எல்லாம் நுணுக்கமாக ஒட்டிய இன்ஜின்களை உயரமான அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். அவளுக்கென்று உறுதியான ஒரு இன்ஜின், நாலைந்து சரக்குப் பெட்டிகள், ஒரு வட்டத் தண்டவாளம், அதிலிருந்து பிரியும் ஒரு கிளைத்தடம் போதும். அந்த ரயில் முழுக்க அவளுடையது. அதில் கொக்கி ஒடிந்தால் மாற்றிக்கொள்ளலாம், முகம் சுளிக்காதீர்கள்.

ரயில் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க நம்மால் முடியும். குழந்தைக்குச் சீக்கிரமே அலுத்துவிடுகிறது. அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லையே, அதனால்தான் கை நீள்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்ற பிரம்மாண்டமான மாதிரி ரயில் உலகத்திலேயே, வருகிறவர்கள் அழுத்திப் பார்க்கவென்று நிறையப் பொத்தான்கள் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கே கை சும்மா இருப்பதில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

எங்கள் வீட்டில் படம் வரைந்த சீட்டுகள் வைத்திருக்கிறோம். ஒரு சீட்டில் சிவப்புப் பெட்டி, பக்கத்தில் மரக்கட்டை. சிவப்புப் பெட்டியைக் கிளைத்தடத்தில் இருக்கும் மரக்கடையில் விட வேண்டும் என்று அர்த்தம். கேட்க எளிது. ஆனால் பெட்டி இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும், கிளைத்தடமோ பின்பக்கமாகப் பிரியும். பாயிண்ட்டை, அதாவது தடம் பிரியும் இடத்தில் ரயிலைத் திருப்பிவிடும் நகரும் தண்டவாளத்தை, தாண்டி இழுத்துப் போய் நிறுத்தி, பாயிண்ட்டைத் திருப்பி, மெதுவாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். என் மகன் நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு இதை யோசிக்கும்போது நான் வாயே திறக்க மாட்டேன். பதில் சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்த விளையாட்டே போச்சு.

வேகத்துக்கு ஒரு வழி: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் குமிழை அவளிடமே கொடுத்து, பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அதைத் தாண்டித் திருப்பக் கூடாது. சுவரில் செருகும் மின்மாற்றி மட்டும் எப்போதும் உங்கள் பொறுப்பு.

தடம் புரண்டால் நீங்கள் பாய்ந்து போய்ச் சரிசெய்யாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஏன் புரண்டது என்று அவளையே தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் இணைப்புத் தகடு சரியாக நுழையாமல், ஒரு துண்டு மயிரிழை உயர்ந்து நிற்கும். நம் கண்ணுக்குத் தப்பிவிடும். குழந்தையின் விரல்நுனி தடவிப் போகும்போது ‘இங்கே முட்டுது’ என்று டக்கென நின்றுவிடும். அப்புறம் அவளே சக்கரங்களைத் தடத்தில் ஏற்றட்டும். ஓடும் இன்ஜினைத் தூக்கும் பழக்கம் தானாகக் குறையும் பாருங்கள்.

பலகை அவள் மார்பு உயரத்துக்கு மேல் போக வேண்டாம். கன்னத்தைப் பலகையில் வைத்து, ஒரு கண்ணை மூடி, சுரங்க வாயிலிலிருந்து இன்ஜின் வெளியே வருவதை அவள் பார்க்க வேண்டும். அந்த உயரத்தில் அது நிஜ ரயில். தரையில், அதுவும் கம்பளத்தில், மின்சார ரயிலை ஓட்டாதீர்கள். நூலும் முடியும் அச்சில் சுற்றிக்கொண்டு பல்சக்கரத்துக்குள் போய்விடும்.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டரை வயது. எந்த அளவு ரயில் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்குக் கையால் தள்ளும் மர ரயில். மூன்று வயதுக்குள் எதுவும் வாய்க்குள்தான் போகும் என்பதால், சின்ன உதிரிகள் இல்லாததாகப் பாருங்கள். மர ரயில் பெட்டிகளைக் காந்தம்தான் இணைக்கும். விரிசல் விட்டுக் காந்தம் ஆடினால் அந்தப் பெட்டியை உடனே எடுத்துவிடுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரிய ஆபத்தாகிவிடும். பட்டன் பேட்டரியை விழுங்கினாலும் ஆபத்துதான், அது இருக்கும் அறையின் மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும்.

பள்ளி போகும் வயதில், நீங்கள் கூட உட்கார்ந்தால், எச்.ஓ. (HO) என்ற அளவு ரயில் சரிவரும். நிஜத்தில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதைவிடச் சின்னதான ‘என்’ (N) அளவின் 9 மி.மீ. தடத்தில் சக்கரம் ஏற்றுவது சின்ன விரல்களுக்குச் சிரமம், அதற்கு இன்னும் சில வருடம் போகட்டும்.

கேள்வி: என் மகன் வேண்டுமென்றே ரயிலை மோதவிடுகிறான். தடுப்பதா?

பதில்: மோதட்டும், அவனுடைய ரயில்தானே? மோதிய பிறகு மீட்பு ரயிலை அனுப்பி, எல்லாவற்றையும் ஏற்றி நிறுத்துவதும் அவன் வேலை என்று வைத்துவிடுங்கள். இன்ஜின் பலகையிலிருந்து தரையில் விழுவதைத்தான் தடுக்க வேண்டும். பலகை விளிம்பு முழுக்க நாலு விரல் உயரத்துக்குக் கெட்டி அட்டையில் வேலி கட்டி, அதற்கு அவனையே வர்ணம் பூசச் சொல்லுங்கள்.