படம் சரியில்லையா, கொட்டகை சரியில்லையா? ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவரின் பதில்கள்

திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் திரையரங்கில் 1985 முதல் 2016 வரை படம் ஓட்டும் ஆபரேட்டர் அறையில் வேலை பார்த்தேன். திரைக்கு ஒளி தரக் கார்பன் குச்சி எரித்த காலத்தில் உதவியாளனாகச் சேர்ந்து, செனான் விளக்கு வந்து, ரீல் பெட்டி போய், வன்தட்டில் படம் வரத் தொடங்கிய பிறகும் சில ஆண்டுகள் அதே அறையில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றேன். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரையும் போலக் காசு கொடுத்துக் கீழே உட்கார்ந்து பார்க்கிறேன். அண்மைப் படங்களைப் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்ததும் நாற்பதுக்கு மேற்பட்ட கேள்விகள் வந்துவிட்டன. கேட்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: எந்த அரங்கில், எந்த வரிசையில் அமர்ந்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தெரியாமல் எந்தப் படத்தைப் பற்றியும் என்னால் பேச முடியாது.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவி): ‘கொட்டுக்காளி’ பார்த்தேன். பின்னணி இசையே கேட்கவில்லை. எங்கள் அரங்கில் ஒலிபெருக்கி பழுதா, ஐயா?

பதில்: பழுது இல்லை, அம்மா. அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. இயக்குநர் வினோத்ராஜ் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார். ஷேர் ஆட்டோவின் இரைச்சலும், காலைக் கட்டிப் போட்டிருக்கும் சேவலும், சாலையோரத்துக் காற்றும்தான் அங்கே இசை. நான் பார்த்த அரங்கில் ஏழாவது வரிசைக்கு மேலே இருந்த குளிர்சாதனப் பெட்டி முழுநேரமும் ‘கொர்’ என்று இழுத்துக்கொண்டே இருந்ததால், அன்னா பென் வாய் திறவாமல் வெறித்துப் பார்க்கும் இடங்களில் எல்லாம் அந்தப் பெட்டியே பேசியது. இசை நிறைந்த படத்தில் இப்படிப்பட்ட குறைகள் மறைந்துவிடும். இதைப் போன்ற படத்தில் கொட்டகையின் யோக்கியதை முழுவதும் வெளியே வந்துவிடும். முடிந்தால் அமைதியான வேறோர் அரங்கில் இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ‘மெய்யழகன்’ படத்தை முதல் நாள் பார்த்தேன். பத்து நாள் கழித்து என் அக்காவை அழைத்துச் சென்றபோது படம் சிறியதாகத் தெரிந்தது. என் நினைவு தவறா? வெளியான பிறகு எப்படி வெட்டுகிறார்கள்?

பதில்: உங்கள் நினைவு சரியானது. 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானபோது ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடிய படம், சில நாட்களிலேயே 18 நிமிடங்களுக்கு மேல் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் ‘இந்தியன் 2’, ‘கங்குவா’ இரண்டும் வெளியான பிறகு 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டன.

இப்போது இது எளிது. படம் அரங்குக்குக் கோப்புகளாக வருகிறது. அதைத் திறக்கும் சாவியும் தனியாக, இன்ன நாள் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை என்ற கெடுவோடு வருகிறது. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு ஓட வேண்டும் என்ற பட்டியலை மட்டும் மாற்றி அனுப்பினால் போதும், படம் குறைந்துவிடும். தணிக்கைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது தனி.

எங்கள் காலத்தில் கத்தரிக்கோலைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1990-களின் நடுவில் ஒரு பண்டிகை நாளில், ஐந்து காட்சிகள் ஓட்டியாக வேண்டும் என்பதற்காக இரண்டாம் பாதிப் பாட்டு ஒன்றை எடுத்துவிடும்படி அன்றைய முதலாளி சொன்னார். 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நாலரை நிமிடப் பாட்டு என்றால் 400 அடிக்கு மேல். பாட்டின் முதல் பிரேமுக்கு முன்னால் வெட்டி, முடிவில் வெட்டி, இரு முனைகளையும் ஒட்டினேன். ஆனால் ஓட்டும் இயந்திரத்தில் பிலிம் முதலில் விளக்குக்கு முன்னால் போய், ஏறத்தாழ 20 பிரேம் கடந்த பிறகே ஒலி படிக்கும் இடத்துக்கு வரும். அதனால் எந்தப் பிரேமுக்கும் உரிய ஒலி அதற்கு 20 பிரேம் முன்னாலேயே அச்சாகியிருக்கும். படத்தைப் பார்த்து வெட்டினால், வெட்டுப்பட்ட பாட்டின் தொடக்க ஒலி பழைய துண்டிலேயே தங்கிவிடும். அன்று மாலைக் காட்சியில் அம்மா மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் காட்சி திரையில் வர, ‘டும்’ என்று ஒரே ஓர் அடி மிருதங்கம் கேட்டது. அரங்கே சிரித்தது. அந்த 400 அடியைச் சுருட்டித் தகர டப்பாவில் வைத்திருந்து, பெட்டி திரும்பும்போது மறுபடி ஒட்டி அனுப்பினேன்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். ஊரை விட்டுப் போன ஒருவன் ஒரு திருமணத்துக்காகத் திரும்பி வந்து, யார் என்றே நினைவுக்கு வராத ஓர் உறவுக்காரனோடு ஓர் இரவைக் கழிக்கிறான். அந்த இரவு நீளமாக இருந்தால்தான் அவன் கூச்சம் கரைவது நமக்கும் புரியும். எனக்கு முழு நீளமே பிடித்தது. ஆனால் 18 நிமிடம் குறைந்த பிறகே கடைசிப் பேருந்தைப் பிடிக்க முடிந்தது என்று எங்கள் தெருவில் இருவர் சொன்னார்கள்; அதையும் நான் சிரித்துத் தள்ளிவிட மாட்டேன்.

கேள்வி (ஈரோடு): இந்த வாரம் எந்தப் படத்துக்குப் போகலாம்?

பதில்: உங்கள் ஊரில் ஒலி நன்றாக இருக்கும் அரங்கில் எது ஓடுகிறதோ அதற்கு.

கேள்வி (சேலம்): எல்லாக் குற்றத்தையும் அரங்கின் தலையில் கட்டுகிறீர்கள். ‘கங்குவா’வில் கத்தல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தயாரிப்பாளரே ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். அதுவும் அரங்கின் குற்றமா?

பதில்: அந்தப் படத்தில் குற்றம் அரங்குடையது அன்று, அது வசனம், இசை, பிற ஒலிகளை ஒன்றாகச் சேர்க்கும் ஒலிக்கலவையிலேயே இருந்தது. ஆனால் ‘இரண்டு புள்ளி’ என்றால் என்ன என்று யாரும் விளக்காததால் நான் விளக்குகிறேன்.

ஆபரேட்டர் அறையில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பித்தான் உண்டு, ஃபேடர் என்போம். அதன் எண்கள் 0 முதல் 10 வரை. உலகெங்கும் படங்களை 7 என்ற எண்ணில் வைத்துக் கேட்டே கலக்குகிறார்கள். 4-க்கு மேலே ஒவ்வோர் எண்ணுக்கும் 3.3 டெசிபெல் மாறும். 10 டெசிபெல் குறைந்தால் காதுக்கு ஏறத்தாழப் பாதிச் சத்தமாகத் தோன்றும். எனவே 7-இல் ஓடும் அரங்கில் இரண்டு புள்ளி குறைத்தால் இதமாக இருக்கும். ஆனால் 4-க்குக் கீழே போனால் ஒவ்வோர் எண்ணுக்கும் 20 டெசிபெல் விழும். ஏற்கெனவே 5-இல் ஓட்டிக்கொண்டிருந்த அரங்கு, அறிவிப்பைக் கேட்டு இரண்டு புள்ளி குறைத்து 3-க்கு வந்தால் என்ன ஆகும்? பக்கத்து நாற்காலிக்காரர் முறுக்குக் கடிப்பதே கேட்கும்.

கேள்வி (திருப்பூர், அரங்கு நிர்வாகத்தில் இருப்பவர்): நாங்கள் ஏன் 5-இல் ஓட்டுகிறோம் என்று எழுதுங்கள். 7-இல் வைத்தால் பத்து நிமிடத்தில் ஒருவர் எழுந்து வந்து, குழந்தை அழுகிறது என்று சண்டை போடுகிறார். அவருக்குக் கலவையாளர் வந்து பதில் சொல்வாரா?

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பெரும்பாலும் சண்டை படத்தால் வருவதில்லை. படத்துக்கு முன்னால் போடும் நகைக்கடை விளம்பரத்தாலும் முன்னோட்டத்தாலும் வருகிறது. அவற்றைக் கேட்டுக் குறைத்த பித்தானைப் படம் தொடங்கியதும் உயர்த்த மறந்துவிடுகிறார்கள். இதை நானே பலமுறை செய்திருக்கிறேன். விளம்பரத்துக்கு ஓர் எண், படத்துக்கு ஓர் எண் என்று சுவரில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள்.

கேள்வி (சென்னை, ஒலிக்கலவை பயிலும் மாணவர்): ஐயா, அரங்குகள் குறைத்து ஓட்டுகின்றன என்று தெரிந்ததால்தான் இயக்குநர்கள் எங்களிடம் ‘இன்னும் ஏற்று’ என்கிறார்கள். நாங்கள் ஏற்றுவதால்தான் அரங்குகள் குறைக்கின்றன. முதலில் யார் நிறுத்துவது?

பதில்: தம்பி, மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது போல இரு தரப்பும் பேசுகின்றன. இருந்தாலும் உங்கள் கேள்விதான் இதுவரை வந்தவற்றுள் நல்ல கேள்வி. ஏற்றுவதால் நீங்கள் இழப்பது வசனத்தை. சண்டையும் இசையும் உச்சத்தில் இருக்கும்படி கலந்த படத்தை அரங்கு 5-க்கு இறக்கும்போது, எல்லாம் ஒரே அளவில்தான் இறங்கும். ஆனால் குளிர்சாதனத்தின் இரைச்சலும் கூட்டத்தின் முணுமுணுப்பும் இறங்காது. மெல்லப் பேசிய வசனம் அந்த இரைச்சலுக்குக் கீழே மூழ்கிவிடும். திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியே வசனத்துக்கு உரியது. அதுவும் அடைத்துப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். ‘லப்பர் பந்து’வில் மைதானத்துக் கூச்சலுக்கு நடுவிலும் கெத்து தினேஷும் ஹரிஷ் கல்யாணும் பேசுவது சிறிய அரங்கிலேயே எனக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தப் படத்தில் யாரும் காதைப் பொத்தவில்லை. முதலில் நீங்கள் நிறுத்துங்கள். வயதில் இளையவர் நீங்கள்தான்.

கேள்வி (சேலம், மீண்டும்): ஆக, குற்றம் கலவையுடையது என்று ஒப்புக்கொண்டீர்கள்.

பதில்: அந்த ஒரு படத்தில் ஒப்புக்கொண்டேன். எந்த வரிசையில் அமர்ந்தீர்கள் என்பதை இன்னும் நீங்கள் எழுதவில்லை.

கேள்வி (நாகர்கோவில்): ‘விடுதலை’ இரண்டாம் பாகத்தில் இரவுக் காட்சிகளில் முகமே தெரியவில்லை. ஒளிப்பதிவு சரியில்லையா?

பதில்: திரையிலிருந்து நம் கண்ணுக்கு வர வேண்டிய ஒளிக்கு ஓர் அளவு உண்டு: 14 ஃபுட்-லாம்பெர்ட்; வெளிச்சத்தை அளக்கும் அலகு அது. செனான் விளக்கு பழகப் பழக மங்கும். குறித்த மணி நேரத்துக்கு மேலும் அதை ஓட்டினால் பகல் காட்சி சாயங்காலமாகவும், இரவுக் காட்சி அமாவாசையாகவும் தெரியும். முப்பரிமாணப் படத்துக்காக முன்னால் மாட்டிய கண்ணாடியைக் கழற்றாமல் சாதாரணப் படத்தை ஓட்டும் அரங்குகளும் உண்டு. அது பாதிக்கு மேல் ஒளியைத் தின்றுவிடும். எழுத்து ஓடும்போது நடுவில் இருக்கும் வெள்ளையையும் ஓரத்தில் இருக்கும் வெள்ளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரம் பழுப்பாக இருந்தால் ஒளிப்பதிவாளரை விட்டுவிடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): வார இறுதியில் எதைப் பார்ப்பது?

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதே.

கேள்வி (வேலூர்): எட்டு வயது மகனை ‘யுஏ 13+’ படத்துக்கு அழைத்துப் போகலாமா? ‘கூலி’க்கு எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பதில்: 2024 இறுதியிலிருந்து யுஏ சான்றிதழ் 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்த வயதுகள் பெற்றோருக்கான அறிவுரை. அழைத்துப் போவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ‘கூலி’ பெற்றது ஏ சான்றிதழ். 18 வயது ஆகாதவரை உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். வாசலில் நின்ற ஊழியரைத் திட்டியிருந்தால் மனத்துக்குள்ளாவது மன்னிப்புக் கேளுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): வசூலில் முதலிடம் எந்தப் படம்?

பதில்: நான் அறிந்த வசூல், ஆபரேட்டர் அறையின் சிறு துளை வழியே தெரிந்த தலைகளின் எண்ணிக்கை மட்டும். கோடிக் கணக்கை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

கேள்வி (திருச்சி): 2004-இல் பார்த்த ‘கில்லி’யை 2024 மறுவெளியீட்டில் பார்த்தபோது அன்றைக்கு இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. இது எப்படி?

பதில்: அன்று எங்கள் அரங்கிலும் அந்தப் படத்தின் பிரதியை நான்தான் ஓட்டினேன். அது பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்த பிறகு எங்களிடம் வந்தது. ஒவ்வொரு ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும் மழை பெய்வதைப் போலக் கோடுகள். மறுவெளியீட்டுக்கு முன் படத்தைப் புதுப்பித்து, கீறல்களை நீக்கியிருக்கிறார்கள்; கோப்புகளாக வரும் படம் எத்தனை முறை ஓடினாலும் தேயாது. ஆனால் கபடிக் காட்சியில் திரைக்கு முன்னால் ஆடிய கூட்டம் மட்டும் அதே கூட்டம். சிலருக்குத் தலை நரைத்திருந்தது.

கேள்வி (கடலூர்): 2012-இல் எடுத்த ‘மதகஜராஜா’ 2025 பொங்கலுக்கு வந்து எப்படி ஓடியது?

பதில்: பொங்கல், விஷால், பழைய சந்தானம். மூன்றும் ஒரே கொட்டகையில் கிடைத்தன.

கேள்வி (சென்னை): முதல் நாள் அரங்க வாசலில் விமர்சனம் எடுப்பதைத் தடை செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் 2024 நவம்பரில் கேட்டார்களே, நீங்கள் எந்தப் பக்கம்?

பதில்: படம் பார்த்தவர் பேசக் கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாசலில் ஒலிவாங்கியை நீட்டுபவர்கள் ‘படம் எப்படி?’ என்று மட்டும் கேட்கிறார்கள். ‘வசனம் கேட்டதா, முகம் தெரிந்ததா?’ என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேள்வி (பெயர், ஊர் இல்லை): நல்ல படம் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: மூன்றாம் முறையாக இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

கேள்வி (காரைக்குடி, 70 வயது): தம்பி, எனக்கு ஒரு காது மந்தம். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைப் பேத்தி மிகவும் புகழ்ந்தாள், எனக்குப் பாதி வசனம் புரியவில்லை. நான் எங்கே உட்கார வேண்டும்?

பதில்: அக்கா, அந்தப் படத்தில் குடும்பம் முழுக்க ஈழத்துப் பேச்சு, காது கூர்மையானவர்களுக்கே முதல் கால் மணி நேரம் பழக வேண்டும். அடுத்த முறை திரையிலிருந்து பின்சுவர் வரை உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் நாற்காலி கேளுங்கள். பக்கச் சுவரை ஒட்டி வேண்டாம், அங்கே பக்கவாட்டு ஒலிபெருக்கி வசனத்தை அமுக்கிவிடும். நல்ல காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பேத்தியை உட்கார வைக்காதீர்கள். படம் ஓடும்போதே கதை சொல்லிவிடுவாள்.