மகள் டெல்லியில் வீடு எடுக்கிறாள், நான் கிரைண்டரோடு கிளம்பட்டுமா?

கேள்வி: அக்கா, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 48. ஒரே மகள், டெல்லியில் பி.ஏ. இரண்டாம் வருடம் முடிக்கப் போகிறாள். இதுவரை ஹாஸ்டலில் இருந்தாள். ஜூலையிலிருந்து இரண்டு தோழிகளோடு சேர்ந்து வாடகைக்கு வீடு எடுக்கப் போகிறாளாம். ஒருத்தி மலையாளி, இன்னொருத்தி அசாம் பெண். என் மனைவி இப்போதே பாத்திரம், மெத்தை, கிரைண்டர் என்று மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். மகளோ, "யாரும் வர வேண்டாம்ப்பா, நாங்களே பார்த்துக்கறோம்" என்கிறாள். எனக்கு இந்தி சுத்தமாக வராது. நான் போவதா வேண்டாமா? எவ்வளவு பணம் கொடுப்பது, என்னென்ன வாங்கிக் கொடுப்பது?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தம்பி (உங்களைவிட நான் பத்து வயது மூத்தவள், இப்படித்தான் கூப்பிடுவேன்), முதலில் அந்தக் கிரைண்டரை மூட்டையிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

என் மூத்தவன் புனேயில் படித்தபோது நானும் இதையேதான் செய்தேன். டேபிள் டாப் கிரைண்டர், இட்லிக் குண்டான், ஒரு டஜன் டம்ளர், கோலமாவு டப்பா (எதற்கென்று இன்றுவரை எனக்கே புரியவில்லை) எல்லாவற்றையும் பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் கிரைண்டர் மேல் ஈரத்துண்டு காய்ந்துகொண்டிருக்கிறது, பையன் பக்கத்துக் கடையில் முட்டை வாங்கி ஆம்லெட் போட்டுத் தின்றுகொண்டிருக்கிறான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டைக் காலி செய்யும்போது ஓனர் சுவரிலிருந்த ஓதத்தைக் காட்டி, இது நீங்கள் செய்த வேலை என்று அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். அது குடிபோகும்போதே இருந்த கறை. நிரூபிக்க ஒரு போட்டோ இல்லை. அக்ரிமெண்டில் நாலு பையன்களில் ஒருவன் பெயர்தான் இருந்தது, அந்த ஒருவன் என் மகன். கிரைண்டருக்குப் பட்ட கவலையில் கால்வாசியை அந்தக் காகிதத்துக்குப் பட்டிருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன். பாத்திரம், மெத்தை, ஸ்டூல் எல்லாம் தப்பாக வாங்கினால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்து, பூட்டு, வயரிங், பாத்ரூமில் வெந்நீர் எப்படி வருகிறது என்பது, இதிலெல்லாம் தப்பு நடந்தால் சேலத்திலிருந்து ஓடிப்போய்ச் சரிசெய்ய முடியாது. உங்கள் யோசனையை அங்கே வையுங்கள், மற்றதை அந்தப் பெண்களிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் பணம். டெல்லியில் பெரும்பாலும் முதல் மாத வாடகை, ஒன்றிரண்டு மாத வாடகை டெபாசிட் (நாம் அட்வான்ஸ் என்பதை அங்கே செக்யூரிட்டி என்பார்கள்), புரோக்கருக்கு அரை மாதமோ ஒரு மாதமோ, இவ்வளவும் சாவி கையில் வருமுன் போய்விடும். ஒரு கணக்குக்கு வாடகை 24,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் இரண்டு மாதம் என்றால் 48,000, புரோக்கர் 12,000 முதல் 24,000 வரை, மொத்தம் 84,000 முதல் 96,000 வரை வருகிறது. மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 28,000 முதல் 32,000. அதற்குமேல் வீட்டுச் சாமானுக்கு ஒரு பத்தாயிரம் தனியாகக் கொடுத்துவிட்டு, எதற்குச் செலவானது என்று பைசா பைசாவாகக் கேட்காமல் இருங்கள். டெபாசிட் மட்டும் ரொக்கமாகப் போகக் கூடாது, ஓனரின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும்.

இணையத்தில் வீடு தேடும்போது ஒரு வகை மோசடி நடக்கிறது. நான் ராணுவ அதிகாரி, வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டேன், வீட்டை அப்புறம் பார்க்கலாம், இப்போது டோக்கன் மட்டும் அனுப்புங்கள் என்று ஒருவர் நயமாகப் பேசுவார். இல்லாவிட்டால், உங்கள் பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்பார். பணம் வாங்க யாரும் பின் போட வேண்டியதே இல்லை, பின் போட்டால் நம் பணம்தான் போகும். வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதே என்று இதை மட்டும் கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

அக்ரிமெண்ட் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது, அந்தச் செலவுக்கும் அலைச்சலுக்கும் பயந்துதான் ஊர் உலகமெல்லாம் 11 மாதம். பார்க்க வேண்டியது வேறு. மூன்று பெண்களின் பெயரும் அதில் இருக்கிறதா? உங்கள் மகள் பெயர் மட்டும் இருந்து, நடுவில் ஒருத்தி கிளம்பிவிட்டால் ஓனர் முழு வாடகையையும் இவளிடம்தான் கேட்பார். லாக்-இன் என்று ஒரு வரி இருக்கும், அத்தனை மாதத்துக்குள் காலி செய்தால் மிச்ச வாடகையைக் கட்டு என்பதுதான் அதற்கு அர்த்தம். பரீட்சை முடிந்து மே மாதம் ஊர் திரும்புகிற பிள்ளைகளுக்கு அது ஒத்துவருமா என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். டெபாசிட் காலி செய்த எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிப்பார்கள், பெயிண்ட் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வரட்டும். கையெழுத்துப் போடுமுன் அதை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று அவளே கேட்கட்டும், அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து படித்துவிடுங்கள். இந்தி வராத அப்பா இங்கிருந்தே செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான்.

அப்புறம் போலீஸ் வெரிஃபிகேஷன். டெல்லியில் குடிவருகிறவர்களின் விவரத்தை ஓனர் போலீஸுக்குக் கொடுத்தாக வேண்டும். அது சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, எல்லோருக்கும் உள்ளதுதான். ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலைந்து கையில் இருக்கட்டும். அதெல்லாம் எதற்கு, வேண்டாம் என்று ஒரு ஓனர் சொன்னால் எனக்கு அவர் மேல்தான் சந்தேகம் வரும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது உங்களுக்கு வீடியோ கால் போடச் சொல்லுங்கள், ஆனால் ஹாலையும் பால்கனியையும் சுற்றிக் காட்டச் சொல்லாதீர்கள். சமையலறை ப்ளக் பாயிண்டைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் இப்போது இண்டக்‌ஷன் அடுப்புதான் வாங்குகிறார்கள், அதில் பல 2000 வாட். சாதாரண 6 ஆம்பியர் ப்ளக் 230 வோல்ட்டில் 1380 வாட்டுக்குமேல் தாங்காது. 16 ஆம்பியர் பெரிய ப்ளக் அடுப்படியில் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுத் தரும்படி டெபாசிட் கொடுக்குமுன்பே கேட்க வேண்டும், கொடுத்த பிறகு கேட்டால் நாளைக்கு நாளைக்கு என்பார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இண்டக்‌ஷனும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறும்.

அடுத்தது பாத்ரூம், இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். ஏற்காட்டுக் குளிரைப் பார்த்த பிள்ளைதானே என்று நாம் நினைப்போம். டெல்லி ஜனவரியில் ராத்திரி நாலைந்து டிகிரிக்கு இறங்கும், வெந்நீர் இல்லாமல் முடியாது. சில வீடுகளில் பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருப்பார்கள். ஜன்னல் சாத்திய சின்ன பாத்ரூமில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தலை சுற்றி விழுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கே இப்படிச் சாவுகள் நடக்கின்றன. அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவதும் அதே கதைதான், அங்கீட்டி என்பார்கள். பட்டறையில் நெருப்போடு வேலை செய்கிறவர் நீங்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அவளுக்கு நீங்கள் விளக்குங்கள். கரண்டு கீசர் இருக்கிற வீடாகப் பார்க்கட்டும். இல்லையென்றால் ஒன்று நீங்களே வாங்கி மாட்டிக் கொடுங்கள், கிரைண்டர் காசு அதற்கு ஆகட்டும்.

மாடி அறை வாடகை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். பர்சாத்தி என்று அங்கே பெயர், மொட்டைமாடியில் தனியாகக் கட்டிய அறை. மே மாதம் 45 டிகிரி வெயிலில் அந்தத் தளத்துக்குக் கீழே யார் படுப்பது? தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, மோட்டார் யார் போடுவது என்றும் கீழ்வீட்டுக்காரர்களிடம் கேட்கட்டும், ஓனரிடம் கேட்டால் இருபத்துநாலு மணி நேரமும் என்பார். கரண்டுக்கு சப் மீட்டர் (ஓனர் தன் மீட்டரிலிருந்து பிரித்து வைத்த தனி மீட்டர்) என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்று முன்பே பேச வேண்டும். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம் என்று பழகிய நமக்கு, மாதாமாதம் ஓனர் எழுதித் தரும் துண்டுச் சீட்டு கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

சாவி வாங்கிய அன்றைக்கு, சாமான் இறக்குமுன், வீடு முழுக்க ஒரு வீடியோ. சுவர், குழாய், ஜன்னல் கண்ணாடி, மீட்டர் ரீடிங் எல்லாம் வர வேண்டும். அதை ஓனருக்கும் அனுப்பிவிட வேண்டும். வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு ஒன்று, பழைய சாவி எத்தனை பேரிடம் இருக்கிறதோ யார் கண்டது.

இனி உங்கள் மனைவியின் மூட்டை. ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், பாவம், அவருக்கும் கை பரபரக்கும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று (கூடவே கேஸ்கெட் ஒன்று உபரியாக), வாணலி, இரண்டு எவர்சில்வர் பாத்திரம், கரண்டி, கத்தி. கடையில் வாங்கும்போது அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் சூடாகும். மில்லில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள், பருப்புப்பொடி, ஏற்காட்டுக் காப்பித்தூள், சின்ன ஃபில்டர். ஜவ்வரிசி மட்டும் அனுப்ப வேண்டாம், விரதத்துக்கு சாபுதானா என்று நம்ம ஊர்ச் சரக்கைத்தான் அங்கே விற்கிறார்கள். புழுங்கலரிசிக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் இருக்கிறது. ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கமும் மலை மந்திர் முருகன் கோயிலும் இருக்கின்றன, என்றாவது தமிழ்க்குரல் கேட்க வேண்டும் என்று தோன்றினால் போய்வரட்டும். மெத்தை, ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த குளிர்ப் போர்வை) எல்லாம் அங்கேயே வாங்கலாம். கட்டில், மேசை, கூலரை எல்லாம் படிப்பு முடித்துப் போகிற சீனியர்கள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

கேஸ் சிலிண்டரை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. அங்கே இந்தியன் ஆயில் 5 கிலோ சிலிண்டர் ஒன்று, சோட்டு என்று பெயர், முகவரிச் சான்று கேட்காமல் அடையாள அட்டையைப் பார்த்தே தருவார்கள்.

மூன்று பெண்களுக்கு நடுவில் வருகிற சண்டையைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, அது வரும், போகும். மளிகைக் கணக்கை போனில் ஒரு ஆப் வைத்து எழுதிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். கறி, மீன், கருவாடு சமைக்க ஓனர் விடுவாரா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளட்டும். அசாமும் கேரளாவும் சேலமும் சேர்ந்த வீட்டில் மீன் வாசனை வராமல் இருக்கப் போவதில்லை.

போவதா வேண்டாமா என்று கேட்டீர்கள். குடிபோகிற அன்றைக்குப் போகாதீர்கள். இரண்டு வருடம் அந்த ஊரில் பஸ்ஸும் மெட்ரோவும் ஏறி இறங்கியவள் அவள், நீங்கள் போனால் ஓனர் உங்களைப் பார்த்துப் பேசுவார், உங்களுக்குப் பதில் சொல்ல வராது, நடுவில் அவள் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பாள். அக்டோபரில், வெயில் இறங்கியதும், விருந்தாளியாகப் போங்கள். சேலத்தில் நிற்கிற கேரளா எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஒன்றரை நாள் பயணம். ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும் என்பதால் ஆகஸ்டிலேயே தேதி குறித்துவிடுங்கள். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே போட்டுவிடுங்கள், நாலு நாளுக்குமேல் வேண்டாம். மகள் சமைத்துப் போடுவதைச் சாப்பிடுங்கள். உப்பு கம்மியாக இருந்தாலும் அவருடைய கை அடுப்பு பக்கம் போகாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.