பாட்டில் அடியில் மண்டி: வடிகட்டி வாங்கவே வேண்டாம்

வீட்டில் செய்த பீரை அடைத்து மூன்று வாரம் ஆகிறது, எல்லா பாட்டிலிலும் அரை அங்குலத்துக்கு மண்டி, துணியில் வடிகட்டி மறுபடி அடைக்கலாமா, சாமான் விற்பவர் வடிகட்டி வாங்கச் சொல்கிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள்.

திறக்காதீர்கள். துணியில் ஊற்றினால் உள்ளே இருக்கும் வாயு போய்விடும், காற்றுப் பட்ட பீர் சில நாளில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வாடை அடிக்கும்.

அடியில் மெல்லிய படலம் இருப்பது குறையே இல்லை. அடைக்கும்போது போட்ட சர்க்கரையை ஈஸ்ட் தின்று வாயுவாக்கிவிட்டு அப்படியே கீழே படிகிறது. ஆனால் அரை அங்குலம் என்றால் அது புளித்த வாளியிலிருந்தே வந்த கசடு.

அந்த வடிகட்டி விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு நுண்ணியதாக இருந்தால் அது ஈஸ்டையே பிடித்துக்கொள்ளும், அப்புறம் பாட்டிலில் சர்க்கரை போட்டாலும் வாயு வராது. சிலிண்டரிலிருந்து வாயு ஏற்றுகிறவர்களுக்கான சாமான் அது. நீங்கள் எப்படி அடைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் தலையில் கட்டுகிறார்கள். பீர் செய்யும் சாமான் பெட்டியோடு வரும் தாளோ ஏழாம் நாள் அடைக்கச் சொல்கிறது! நாளை எண்ணாதீர்கள், பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள். மூன்று நாள் ஒரே அளவு காட்டினால்தான் புளிப்பு முடிந்தது. அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும், கண்ணாடி கண்ணில் படும்.

அடுத்த முறை புளிப்பு முடிந்ததும் வாளியை இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜ் குளிரில் வையுங்கள், கசடு இறுகிப் படியும். வாளியின் ஒரு பக்கத்துக்கு அப்போதே கட்டை கொடுத்துச் சாய்த்துவிடுங்கள், கடைசி நேரத்தில் சாய்த்தால் எல்லாம் கலங்கும். லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான இன்னொரு வாளியில் ஊற்றுங்கள். அதன்மேல் சைஃபன் குழாயால் பீரை இறக்குங்கள், குழாயின் கீழ்முனை பீருக்குள்ளேயே இருக்கட்டும், சலசலவென்று கொட்டக் கூடாது. உறிஞ்சும் முனை மண்டிக்கு ஒரு விரல் மேலே நிற்கட்டும். குழாயில் தேன் நிறம் மாறிச் சேறு மாதிரி ஏதாவது ஓடத் தொடங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள். கடைசி அரை லிட்டர் போனால் போகட்டும்.

மண்டியைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டு ஊற்றுவதுதான் வழக்கம். அதற்கு ஒரு விதிவிலக்கு, ஜெர்மனியின் ஹெஃபவைசென் என்ற கோதுமை பீர். ஹெஃப என்றாலே ஈஸ்ட்தான், அங்கே கடைசிப் பங்கைச் சுழற்றி, படிந்த ஈஸ்டையும் சேர்த்தே ஊற்றுவார்கள். ஆனால் அதற்கும் கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய கோதுமை) வேண்டும், அந்த வகைக்கே உரிய ஈஸ்ட் வேண்டும், படிந்திருப்பதும் மெல்லிய ஈஸ்ட் படலமாக இருக்க வேண்டும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) தூளும் புரதமும் கலந்த அரை அங்குலக் கசடைச் சுழற்றிவிட்டு இதுவும் ஹெஃபவைசென்தான் என்று சொல்ல முடியாது. மறுபடி சொல்கிறேன், உங்கள் பாட்டில்களுக்கு இது பொருந்தாது.

இப்போது இருப்பவற்றை இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் நிற்கவையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். கண்ணாடித் தம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஒரே மூச்சில் ஊற்றுங்கள், நடுவில் பாட்டிலை நிமிர்த்தினால் மண்டி கிளம்பிவிடும். கசடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். கொஞ்சம் உள்ளே போய்விட்டாலும் பயமில்லை, வயிறு உப்பும், அவ்வளவுதான்.