மைல்கல்லைப் படமெடுத்தால் போதுமா?

கேள்வி: பெருநகரத்தில் யாரும் கவனிக்காத பழைய மைல்கற்களையும் கல்வெட்டுகளையும் தனியொருவர் பதிவு செய்வதால் பயன் உண்டா?

பதில்: உண்டு. 1860களில் பாரிஸில் அகன்ற சாலைகளுக்காகப் பழைய சந்துகள் இடிக்கப்பட்டபோது, நகர நிர்வாகத்துக்காக ஒளிப்படக் கலைஞர் ஷார்ல் மார்வில் எடுத்துவைத்த படங்களால்தான், கல் பாவிய தெருவின் நடுவே ஓடிய சாக்கடையைக்கூட இன்று நாம் காண முடிகிறது. ஆனால், நாளும் இடமும் அளவும் குறிக்கப்படாத படம் பாதிப் பதிவுதான். தேய்ந்த எழுத்தை, வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ படமெடுங்கள். நடுப்பகலில் புலப்படாத செதுக்கல் நிழலால் துலங்கும். ஆர்வக்கோளாறில் சிலர் எண்ணெய் தடவிப் பார்க்கிறார்கள்; அது கல்லையே கெடுத்துவிடும். அக்கம்பக்கத்து முதியவர்கள் சொல்லும் செய்திகளை, நீங்கள் நேரில் கண்டவற்றோடு கலக்காமல் தனியே எழுதிவையுங்கள்.